சாஸ் கறியைத் தொடும் நேரம்: கரோலைனா முதல் கன்சாஸ் சிட்டி வரை

புதன் – ஐடன், வட கரோலைனா

விறகுத் தணலில் மெதுவாக வேகவைத்த கறியை அமெரிக்காவில் பார்பிக்யூ என்கிறார்கள், அதன் சாஸ் ஊருக்கு ஊர் மாறும். அதைச் சாப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ராலியிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் புகையிலை, இன்னொரு பக்கம் சர்க்கரைவள்ளி என்று வயல்கள் மாறி மாறி வருகின்றன. வண்டி ஓட்டுவது என் மனைவியின் அண்ணன். பல வருடமாக ராலியில் இருக்கிறார், இந்தப் பக்கத்துக் கடைகள் அத்தனையும் அத்துப்படி. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: “மாப்ளே, அங்க போய் சாஸ் பாட்டிலத் தேடாதீங்க. கறியோடவே வந்துடும்.”

ஸ்கைலைட் இன் கடையை வழி கேட்காமலே கண்டுபிடிக்கலாம். கூரைமேல் வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் குவிமாடத்தைப் போல ஒன்றைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1947-இல் பீட் ஜோன்ஸ் ஆரம்பித்த கடை, இன்றும் அந்தக் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது. முழுப் பன்றியை இரவெல்லாம் ஓக் மரத் தணலில் வேகவைக்கிறார்கள். பகலில் அதை வெட்டி விற்பதுதான் வியாபாரம்.

அந்த வெட்டும் மேடையைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த மரக்கட்டை, இரண்டு கையிலும் வெட்டுக்கத்தி. தொடை, தோள், வயிறு, மொறுமொறுவென்று பொரிந்த தோல் எல்லாம் ஒன்றாகக் குவிகின்றன. கத்திகள் மாறி மாறி விழ, இடையில் ஒரு கை உப்பு, மிளகுத்தூள், ஒரு வீச்சு வினிகர், கொஞ்சம் சிவப்பு மிளகாய் சாஸ். மறுபடி வெட்டு. சாஸ் என்று தனியாக ஒரு பொருள் அந்த மேடையில் இல்லை. வெட்டுகிற வேலையும் கலக்கிற வேலையும் ஒன்றே. வெந்த கொழுப்பின் சூட்டில் வினிகர் பட்டதும் எழும் ஆவி, நின்ற இடத்திலேயே வாயில் நீர் ஊற வைத்தது.

காகிதத் தட்டில் கறி, அதன்மேல் ஒரு தாள், தாள்மேல் தட்டையான சோளமாவு ரொட்டி, அதற்கும் மேல் முட்டைக்கோஸ் கலவை. எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வட கரோலைனாவின் கிழக்குப் பகுதி முழுக்க இதுதான் முறை: வினிகர், காய்ந்த மிளகாய், மிளகு, உப்பு. தக்காளி கிடையாது. ரசம்போல் நீர்த்திருக்கும், கறியின்மேல் நிற்காது, உள்ளே இறங்கிவிடும். முழுப் பன்றிக்கு இது ஏன் பொருந்துகிறது என்பது வாயில் வைத்ததும் புரிந்தது. தொடைக்கறி வறண்டது, வயிற்றுக்கறி நெய் சொட்டுவது. இரண்டையும் சேர்த்து வெட்டி, கொழுப்பைப் புளிப்பால் அறுத்தால்தான் ஒரே சுவையாக நிற்கும். இதில் இனிப்பைக் கொட்டியிருந்தால் நான்கு வாய்க்குமேல் இறங்கியிருக்காது.

இந்த ஊரில் மேசைக்கு மேசை காணப்படும் மிளகாய் சாஸின் பெயர் டெக்சாஸ் பீட். டெக்சாஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தயாராவது இதே மாநிலத்தின் வின்ஸ்டன் சேலத்தில்.

வியாழன் – லெக்சிங்டன், வட கரோலைனா

மேற்கே மூன்று மணி நேரம் வந்ததற்கே சட்டம் மாறிவிட்டது. இங்கே முழுப் பன்றி இல்லை, தோள்பட்டை மட்டும். சாஸிலும் தக்காளி கெச்சப் கொஞ்சம், சர்க்கரை கொஞ்சம் நுழைகிறது. ஆனாலும் வினிகர்தான் தலைமை. சாஸ் என்று யாரும் சொல்வதில்லை, டிப் என்கிறார்கள்.

1919-இல் சிட் வீவரும் ஜெஸ் ஸ்வைஸ்குட்டும் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு விற்றதிலிருந்து இந்த ஊரின் கதை தொடங்குகிறது. வழக்குக்கு வருகிற கூட்டம்தான் முதல் வாடிக்கையாளர்கள். நாங்கள் போனது வெய்ன் மங்க் 1962-இல் தொடங்கிய லெக்சிங்டன் பார்பிக்யூவுக்கு. கடைக்குப் பின்னாலிருந்து விறகுப் புகை வந்துகொண்டே இருந்தது.

இங்கே கேட்டு வாங்க வேண்டியது அவுட்சைட் பிரவுன். தணல் பக்கம் இருந்து கறுத்துச் சிவந்த வெளிப்புறக் கறியை மட்டும் எடுத்துத் தருவார்கள். புகையும் உப்பும் அங்கேதான் திரண்டு நிற்கிறது. அதன்மேல் டிப்பைக் கரண்டியால் விட்டுத் தருகிறார்கள். முட்டைக்கோஸிலும் அதே டிப். மயோனைஸ் இல்லாததால் சிவப்பாக, சுரீரென்று இருக்கிறது.

கிழக்குக்காரர்களுக்கும் லெக்சிங்டன்காரர்களுக்கும் இந்தக் கெச்சப் விஷயத்தில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. அக்டோபர் மாதம் இங்கே நடக்கும் பார்பிக்யூ விழா 1984-இல் தொடங்கியது. அதை மாநிலத்தின் விழா என்று அறிவிக்கும் முயற்சியைக் கிழக்குக்காரர்கள் நிறைவேற விடவில்லை. கடைசியில் 2007-இல் இந்த வட்டாரத்து உணவுத் திருவிழா என்று எழுதிச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

எனக்கு இரண்டிலும் எது பிடித்தது என்றால், நேற்றையதுதான். இன்றைய கறி அருமை, அதில் குறையே இல்லை. ஆனால் டிப்பின் இனிப்பு, புகையின் கசப்பைக் கொஞ்சம் மூடிவிடுகிறது.

வெள்ளி – ஹெமிங்வே, பிறகு கொலம்பியா, தென் கரோலைனா

காலை விடியுமுன் கிளம்பினோம். ஹெமிங்வேயில் ஸ்காட் குடும்பத்தின் கடை 1972-இல் தொடங்கியது. ராட்னி ஸ்காட் தன் முதல் பன்றியைச் சுட்டது 11 வயதில், இந்த இடத்தில்தான். 2018-இல் தென்கிழக்கு மாநிலங்களின் சிறந்த சமையல்காரர் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது. முழுப் பன்றிக்காரர் ஒருவருக்கு அந்த விருது என்பது சாதாரண விஷயமில்லை.

முறை இதுதான். பெரிய இரும்புப் பீப்பாயில் கட்டைகளை எரிக்கிறார்கள். எரிந்து விழும் கங்குகளைக் கீழிருந்து மண்வெட்டியால் வாரி, சிமெண்ட் கல் அடுக்கிக் கட்டிய குழிகளில், பன்றிக்கு அடியில் பரப்புகிறார்கள். தீ நாக்கு கறியைத் தொடக்கூடாது. ஏறத்தாழ 12 மணி நேரம் இப்படியே. பிறகு இரண்டு பேர் சேர்ந்து பன்றியைப் புரட்டித் தோல் கீழேயும் கறி மேலேயுமாகப் போடுகிறார்கள். அப்போதுதான் சாஸ் வருகிறது. வினிகர், மிளகு, மிளகாய்த்தூள், வட்டமாக நறுக்கிய எலுமிச்சை, சிறிது சர்க்கரை. அதை ஊற்றுவதற்குத் தரை துடைக்கிற மாப் மாதிரி நூல் மாப். வாளியில் முக்கி, பன்றியின் உள்பக்கம் முழுக்கத் தடவுகிறார்கள். தோல் அடியில் ஒரு கிண்ணம்போல் குழிந்திருப்பதால் சாஸ் வழிந்தோடுவதில்லை. கறியின் சாறும் வினிகரும் சேர்ந்து கொதிக்கின்றன.

ஐடனில் வெட்டும்போது சேர்த்ததை இங்கே வேகும்போதே சேர்க்கிறார்கள். பொருட்கள் ஏறக்குறைய ஒன்றே, ருசி வேறு. ஹெமிங்வே கறியில் புளிப்பு மூக்கில் ஏறுவதில்லை. கறிக்குள்ளிருந்தே வருவதுபோல் வருகிறது, காரம் மட்டும் தொண்டையில் நிதானமாக நிற்கிறது. இதைத்தான் இந்தப் பயணம் முழுக்கக் கவனிக்கப் போகிறேன். சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட, அது எந்த நேரத்தில் கறியைத் தொடுகிறது என்று கேட்டால்தான் ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம் பிடிபடுகிறது.

இந்தத் தடவும் வேலையை யார் செய்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். 1930-களில் அரசாங்கம் எழுத்தாளர்களை அனுப்பி, அடிமைகளாக இருந்து விடுதலையான முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தது. தென் கரோலைனாவில் அப்படிப் பேசியவர்களில் ஒருவர் வெஸ்லி ஜோன்ஸ். அப்போதே தொண்ணூறு தாண்டியவர். அரசியல் கூட்டங்களுக்காக இரவெல்லாம் விழித்துக் கறியைச் சுட்டுச் சாஸ் தடவியதை அவர் சொல்லியிருக்கிறார். வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், சேஜ் இலை, கொத்துமல்லி, துளசி வகை இலை, வெங்காயம், பூண்டு என்று வரிசையாக. சிலர் கொஞ்சம் சர்க்கரையும் போடுவார்கள் என்றும் சேர்க்கிறார். பெரிய விருந்துகளின் புகழ் எல்லாம் அழைத்த வெள்ளைக்காரர்களுக்குப் போனது. தூக்கமில்லாமல் குழிக்குப் பக்கத்தில் நின்று கைமுறையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள். இந்தச் சாஸ்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

மதியத்துக்குமேல் கொலம்பியா. மாநிலத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் சாஸ் மஞ்சளாகிவிடுகிறது: கடுகு விழுது, வினிகர், சர்க்கரை, மிளகு. அமெரிக்காவின் மஞ்சள் கடுகு விழுதுக்கு அந்த நிறத்தைத் தருவது நம் மஞ்சள்தூளேதான். இந்தப் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடும்பங்கள் வந்து குடியேறின, அவர்கள் பன்றியோடு கடுகைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், அதனால் இந்தச் சாஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடுகு சாஸ் விற்கிற குடும்பங்களின் பெயர்கள் பல ஜெர்மானியப் பெயர்கள்தான், அது உண்மை. ஆனால் அந்தக் குடியேற்றத்துக்கும் கடுகு சாஸ் கடைகள் பெருகிய 20-ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. பாதியளவுதான் நம்புகிறேன்.

இந்தச் சாஸை நாடு முழுக்க அறியச் செய்தவர் மாரிஸ் பெசிங்கர், பிக்கி பார்க் கடைகளின் உரிமையாளர். கறுப்பின மக்களை உள்ளே உட்கார வைத்துப் பரிமாற மாட்டேன் என்றவரும் அவரே. 1964-ஆம் ஆண்டு சம உரிமைச் சட்டத்தின்கீழ் ஆன் நியூமன் முதலானோர் தொடுத்த வழக்கு, 1968-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், அவருக்கு எதிராக முடிந்தது. 2000-இல் மாநிலச் சட்டமன்றத்தின் குவிமாடத்திலிருந்து, உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி இறக்கப்பட்டபோது, தன் கடைகளில் அதை ஏற்றினார். வால்மார்ட் முதலான பல்பொருள் அங்காடிகள் அவருடைய சாஸை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. கொடிகள் இறங்கப் பல வருடம் ஆனது.

நாங்கள் சாப்பிட்டது வேறொரு சாலையோரக் கடையில். சாஸைவிட அங்கே என்னைக் கட்டிப்போட்டது ஹாஷ். பன்றிக்கறி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் பெரிய இரும்புக் கொப்பரையில் கரையும்வரை வேகவைத்து, சோற்றின்மேல் ஊற்றித் தருகிறார்கள். நெல் விளைவித்த மாநிலம், அதனால் பார்பிக்யூ கடையிலும் சோறு. மச்சான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு வந்து, “மாப்ளே, இத மட்டும் நான் வருஷத்துக்கு ஒருதடவையாவது வந்து சாப்ட்டுப் போறேன்” என்றார்.

சனி – டிகேட்டர், அலபாமா

அட்லாண்டா வழியாக நீண்ட ஓட்டம். பார்பிக்யூ சாஸைப் பாட்டிலில் அடைத்து விற்கும் விளம்பரம் 1909-இலேயே அட்லாண்டாவில் வந்திருக்கிறது என்பதைத் தவிர, அந்த நகரத்தைப் பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை. போக்குவரத்து நெரிசலைத்தான் பார்த்தோம்.

டிகேட்டரில் சாஸ் வெள்ளை. ரயில்வேயில் வேலை பார்த்த பாப் கிப்சன் வார இறுதிகளில் வீட்டுக்குப் பின்னால் கறி சுட்டு ஊரார்க்குப் போட்டு, 1925-இல் அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஆறடிக்குமேல் உயரம், 300 பவுண்டு எடை, அதனால் பிக் பாப். மயோனைஸ், வினிகர், மிளகு இவைதான் அடிப்படை. எலுமிச்சைச் சாறும் காரமான ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் சிலர் சேர்க்கிறார்கள்.

மயோனைஸ் என்றதும் கெட்டியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மோரைப்போல ஊற்றலாம். கோழியை இரண்டாகப் பிளந்து ஹிக்கரி விறகுப் புகையில் வேகவைத்து, வெளியே எடுத்த சூட்டோடு ஒரு பெரிய தொட்டிச் சாஸில் முழுசாக முக்கி எடுக்கிறார்கள். அவ்வளவுதான், நேராகத் தட்டுக்கு. பன்றிக்கு இருக்கிற கொழுப்பு கோழிக்கு இல்லை. மணிக்கணக்கில் புகையில் இருந்தால் நெஞ்சுக்கறி சக்கையாகும். அந்தக் குறையை மயோனைஸின் எண்ணெய் தீர்க்கிறது, வினிகர் அதை எழுப்பி நிறுத்துகிறது. மிளகு தாராளம். தோலில் புகையின் பழுப்பும் சாஸின் வெண்மையும் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தன. உள்ளே கறி எலும்போடு ஒட்டிய இடம்வரை ஈரமாக இருந்தது.

நேரில் சாப்பிடும்வரை வெள்ளை சாஸ்மேல் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இன்று சொல்கிறேன், கோழிக்கு இதைவிடப் பொருத்தமான சாஸ் அந்த நாட்டில் இல்லை.

ஞாயிறு – ஓவன்ஸ்போரோ, கென்டக்கி

ஒஹாயோ ஆற்றங்கரை. அமெரிக்காவில் வயதான செம்மறி ஆட்டுக்கறியைப் பார்பிக்யூ செய்வதற்கென்றே பெயர் வாங்கிய ஊர். 1816-இல் இறக்குமதிக் கம்பளிக்கு வரி போட்டதும் உள்ளூரில் ஆடு வளர்ப்பது லாபமானது. கம்பளி கொடுத்து ஓய்ந்த கிழட்டு ஆடுகள் மிஞ்சின. அந்தக் கறி முரடு, வாடையும் உண்டு. ஆற அமரத் தணலில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கத்தோலிக்கத் திருச்சபைகளின் கோடை விருந்துகளில் இன்றும் நூற்றுக்கணக்கானோருக்கு இதைத்தான் சமைக்கிறார்கள்.

மூன்லைட் பார்பிக்யூ விடுதியில் மதிய விருந்து. 1963-லிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆட்டுக்கறியோடு பர்கூ என்கிற குழம்பும் இருந்தது. ஆட்டுக்கறி, கோழி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் அடையாளம் தெரியாமல் கரைந்திருந்தன.

இங்கே சாஸ் கறுப்பு. வேகும்போது திரும்பத் திரும்பத் தடவுவதும் அதே வகைதான், தட்டில் தருவதும் அதே வகைதான். வூஸ்டர் சாஸ், வினிகர், மிளகு, ஆல்ஸ்பைஸ் என்ற மிளகுபோன்ற மசாலா. தண்ணீராக இருக்கிறது. முதல் வாயிலேயே தெரிந்த ஒரு புளிப்பு என்னை நிறுத்திவிட்டது. வினிகரின் புளிப்பு இல்லை அது. சாப்பிட்டு முடித்ததும் வழியில் ஒரு கடையில் லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர் பாட்டிலைத் திருப்பிப் படித்தேன். வினிகர், மொலாசஸ் என்கிற கறுத்த கரும்புப் பாகு, நெத்திலி, வெங்காயம், பூண்டு, அவற்றோடு புளி. நம் ஊர்ப் புளியேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பாட்டிலுக்குள் போன புளி, கென்டக்கியில் கிழட்டு ஆட்டின் வாடையை அடக்கிக்கொண்டிருக்கிறது. ஆட்டுக்கறிக்குப் புளிப்பு எவ்வளவு ஒத்துவரும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பயணத்தில் பலர் விட்டுவிடுகிற ஊர் இது. விடாதீர்கள்.

திங்கள் – சாலையில்

செயின்ட் லூயிஸ் வழியாக மேற்கே. அங்கே லூயி மால் 1926-இல் விற்கத் தொடங்கிய சாஸ், பாட்டிலில் வந்த ஆரம்பகாலச் சாஸ்களில் ஒன்று. தக்காளி, இனிப்பு. மதியம் ஒரு கடையில் அந்த வகையைச் சாப்பிட்டோம், எழுதும்படி இல்லை.

மெம்பிஸ் ஏன் வழியில் இல்லை என்றால், அங்கே நான் அதிகம் மதிப்பது பொடி தூவிய விலா எலும்பை. சார்லி வெர்கோஸ் 1948-இல் தொடங்கிய ராந்தேவூ கடையின் முறை அது. அது தனிப்பாடம்.

செவ்வாய் – கன்சாஸ் சிட்டி, மிசௌரி

உலகம் முழுக்க கடைகளில் பார்பிக்யூ சாஸ் என்ற பெயரில் கிடைக்கும் கெட்டியான, சிவந்த, இனிப்பான பொருளுக்கு இந்த ஊரின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஊர் அதில் தொடங்கவில்லை.

மெம்பிஸ் பக்கத்தில் பிறந்த ஹென்றி பெரி ஆற்றுக் கப்பல்களின் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு 1907-இல் இங்கே வந்தார். அடுத்த வருடம் துணித் தொழில் நடக்கும் பகுதியில் ஒரு சந்தில் கறி சுட்டு, செய்தித்தாளில் சுருட்டி 25 சென்ட்டுக்கு விற்றார். கால்நடைச் சந்தையும் இறைச்சிக் கூடங்களும் நிறைந்த நகரம் என்பதால் கறிக்குப் பஞ்சமில்லை. பன்றியோடு மாட்டுக்கறியும் சேர்ந்துகொண்டது. அவருடைய சாஸ் இனிப்பல்ல. கடுங்காரம். வாடிக்கையாளர்களைக் கண் கலங்க வைத்த சாஸ் அது.

1940-இல் பெரி இறந்தபோது கடை அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட்டிடம் போனது. 1946-இல் அது தம்பி ஆர்தர் பிரையன்ட் கைக்கு வந்தது. காரத்தைக் கொஞ்சம் தணித்தவர் ஆர்தர். அதே 1946-இல் ஜார்ஜ் கேட்ஸ் இன்னொரு கடையை வாங்கினார். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஆர்தர் பிங்கார்டும் பெரியிடம் வேலை பார்த்தவர்தான். ஆக, நகரத்தின் இரண்டு பெரிய பெயர்களும் ஒரே மனிதரின் அடுப்பிலிருந்து பிரிந்தவை.

மதியம் புரூக்ளின் அவென்யூவில் ஆர்தர் பிரையன்ட் கடை. மச்சான் மாட்டுக்கறி தொடமாட்டார், விலா எலும்பு வாங்கிக்கொண்டார். நான் பிரிஸ்கெட் என்கிற மாட்டின் மார்புக்கறி வாங்கினேன். வெள்ளை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மலைபோல் கறி, உதவிக்கு ஊறுகாய் வெள்ளரி. சாஸ் செங்காவி நிறம். நாக்கில் பட்டதும் மணல்போல் நெருநெருவென்றது, மிளகாய் வகையைச் சேர்ந்த பாப்ரிக்காத் தூள். வினிகர் முந்துகிறது, காரம் பிந்துகிறது, இனிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். கன்சாஸ் சிட்டி என்றால் சர்க்கரைப் பாகு என்று நினைத்து வருகிறவர்கள் முதலில் இதைச் சாப்பிட வேண்டும்.

மாலையில் கேட்ஸ். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே, என்ன வேண்டும் என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து உரத்த குரலில் கேட்கிறார்கள், அது அந்தக் கடையின் வழக்கம். இங்கே சாஸில் தக்காளி கூடுகிறது, வழவழப்பும் கூடுகிறது. ஆனாலும் காரம் காரமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்த இனிப்புச் சாஸ் எங்கிருந்து வந்தது? 1977-இல் ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் இந்த ஊரில் கெச்சப்பும் மொலாசஸும் சேர்த்து ஒரு சாஸ் செய்து விற்றார். பின்னாளில் அதன் பெயர் கேசி மாஸ்டர்பீஸ். 1986-இல் குளோராக்ஸ் நிறுவனம் வாங்கி நாடெங்கும் கொண்டுபோனது. பாட்டில் போன இடமெல்லாம் இதுதான் கன்சாஸ் சிட்டி என்றாகிவிட்டது. பெரியின் காரம் ஊரோடு நின்றுகொண்டது.

இனிப்புச் சாஸைக் குறை சொல்லிவிட்டுப் போக நான் எழுதவில்லை. அதைத் தடவும் நேரத்தைப் பாருங்கள் என்பதுதான் என் பேச்சு. சர்க்கரை தணலில் சீக்கிரம் கருகும். ஹெமிங்வேயில் செய்வதுபோல் குழியிலேயே ஊற்ற முடியாது. கடைசிச் சில நிமிடங்களில் பூசலாம், அல்லது தட்டில்தான் வைக்க வேண்டும். பிரிஸ்கெட்டின் கொழுத்த முனையில் கருகிய துண்டுகளான பர்ன்ட் எண்ட்ஸில் இப்படிப் பூசியதைச் சாப்பிட்டேன். கருகலின் கசப்பும் பாகின் இனிப்பும் சேர்ந்து அபாரமாக இருந்தன. சாஸ் குழியைவிட்டு மேசைக்கு வந்ததால்தான் அது பாட்டிலுக்குள் போக முடிந்தது, வீட்டில் அடுப்பே மூட்டாதவர்களும் வாங்க முடிந்தது. ஐடனின் வினிகரை நீங்கள் பாட்டிலில் வாங்கலாம். வெட்டும் மேடையில் அந்தச் சூட்டோடு கலக்கும் கையை வாங்க முடியாது. அதனால் யாராவது அமெரிக்கா போகும்போது ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால், கன்சாஸ் சிட்டியைச் சொல்லமாட்டேன். இந்த ஊர் ருசியில் பாதியாவது பாட்டிலில் உங்கள் ஊருக்கே வந்துவிடும். ஹெமிங்வேக்குப் போங்கள்.

டெக்சாஸ் மிச்சமிருக்கிறது. லாக்ஹார்ட்டில் 1900-லிருந்து இருக்கும் க்ரூய்ட்ஸ் மார்க்கெட் காலங்காலமாக சாஸே தராத கடை என்று பெயர் வாங்கியது. கறிக்குக் கொழுப்பும் மிளகும் போதும் என்கிற அந்தக் கட்சியை அங்கேயே போய்க் கேட்க வேண்டும். மச்சானுக்கு விடுமுறை நாளையோடு முடிகிறது, அங்கே பெரும்பாலும் மாட்டுக்கறி என்பதால் அவரும் வரமாட்டார். குளிர்காலத்தில் தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன்.